டொலுவீன் – பிஎம்எம்ஏ: ரெண்டு காலம் (column), ரெண்டு டி வேல்யூ. எங்க தப்பு?

லேப்எலி:
வணக்கம் மக்களே. டொலுவீன் (ஒரு கரைப்பான்) பிஎம்எம்ஏ-க்குள்ள (அக்ரிலிக் பிளாஸ்டிக்) எவ்ளோ வேகமா பரவுதுன்னு இன்வர்ஸ் ஜிசி-ல (காலம்ல இருக்கிற பாலிமரையே ஆராயற கேஸ் குரோமடோகிராஃபி) பாக்குறேன், பாலிமர குரோமோசார்ப்ங்கிற சப்போர்ட் தூள் மேல கோட் பண்ணி காலம்ல அடைச்சு 0.1 மைக்ரோலிட்டர் இன்ஜெக்ட் பண்ணி, ஃப்ளோவ மாத்தி மாத்தி வெளிய வர்ற டொலுவீனோட பீக் அகலம் எடுத்து வான் டீம்டர் பிளாட்டோட (ஃப்ளோ வேகத்தோட பீக் விரிவு எப்டி மாறுதுன்னு காட்டுற கிராஃப்) ஸ்லோப்புல இருந்து டி (பரவல் குணகம்) கணக்கு போடுறேன். ஒரே மாதிரி ரெண்டு காலம் அடைச்சும் டி நாலு மடங்கு வித்தியாசம். அதுலயும் 90 டிகிரில பீக் வால் இழுத்துட்டே போகுது. கைடு "திருப்பி ரன் பண்ணு"ங்கிறார், ஹீலியம்தான் தீருது 😭

பழையகாலம்:
90-ஐ விட்ரு தம்பி. பிஎம்எம்ஏ-வோட டீஜி-யே (இறுகின பாலிமர் இளக ஆரம்பிக்கிற வெப்பநிலை) 105 டிகிரி பக்கம், அதுக்கு கீழ பாலிமர் கண்ணாடி மாதிரி இறுகி கிடக்கும், டொலுவீன் உள்ள நுழையறதுக்குள்ள கேரியர் கேஸ் தள்ளிட்டு போயிடும், நீ பாக்குறது பெரும்பாலும் மேல ஒட்டிட்டு விடுறதத்தான். டீஜி-க்கு 50 டிகிரியாவது மேல போய் ஆரம்பி.

ஸ்லோப்பன்:
நாலு மடங்குன்னு சொன்னதுமே சந்தேகம் வந்துச்சு. சி டேர்ம்ல (நீங்க எடுக்குற அந்த ஸ்லோப்) பாலிமர் படலத்தோட தடிமன் ஸ்கொயர்ல வருது ப்ரோ, தடிமன்ல ரெண்டு மடங்கு தப்புன்னா டி-ல நாலு. லோடிங் (பேக்கிங்ல பாலிமர் எத்தனை சதவீதம்னு) எப்டி எடுத்தீங்க?

லேப்எலி:
கோட் பண்ண எடுத்த எடைய வச்சுதான், ரெண்டுக்கும் 10 சதவீதம்...

ஸ்லோப்பன்:
அதான். பாதி பாலிமர் பிளாஸ்க் சுவத்துல ஒட்டியிருக்கும். கொஞ்சம் பேக்கிங்க (காலம்ல அடைச்ச கோட் பண்ணின தூள) ஃபர்னஸ்ல எரிச்சு எடை பாருங்க, கோட் பண்ணாத சப்போர்ட்டையும் கூடவே எரிங்க, அதுலயும் கொஞ்சம் எடை குறையும்.

பழையகாலம்:
எரிச்சாலும் கிடைக்கிறது சராசரிதான்பா. பாலிமர் ஒரே சீரா படியாது, துளைக்குள்ளயும் துகளுங்க தொடுற இடத்துலயும் தேங்கும். இதுக்காகத்தான் 1987-ல பாலிஷ், மாக்ரிஸ், லாரன்ஸ் மூணு பேரும் கேப்பிலரி காலத்துக்கு (தூள் இல்லாம உள்சுவத்துல பாலிமர் பூசின மெல்லிசு குழாய்) போனாங்க, சுவத்துல படலம் கிட்டத்தட்ட சமமா இருக்கும், கணக்கும் நம்புற மாதிரி வரும். என்ன, கோட் பண்றதுக்குள்ள உயிர் போயிடும்.

குட்டிபீக்:
டெட் டைமுக்கு (பாலிமர்ல நிக்காத வாயு காலம்ம கடக்குற நேரம்) என்ன போடுறீங்க? எஃப்ஐடி-ன்னா (தீச்சுடர் டிடெக்டர்) காத்து தெரியாது, மீத்தேன் போடுங்க. இன்ஜெக்ஷன் அளவ பாதியாக்கியும் பாருங்க, ரிட்டென்ஷன் (டொலுவீன் வெளிய வர்ற நேரம்) நகர்ந்தா 0.1-ஏ அதிகம்.

லேப்எலி:
எரிச்சு பாத்துட்டேன். ஒண்ணுல 9 சதவீதம், இன்னொண்ணுல 5 கூட இல்ல 🤦 அந்த நாலு மடங்குல முக்காவாசி இதுலயே போச்சு. திங்கக்கிழமை 160-ல மீத்தேனோட ஓட்டுறேன், கேப்பிலரி பத்தி கைடு நல்ல மூடுல இருக்கும்போது கேக்கணும்.