புதுப்பிப்பு: ரைஸ் மில்லுல விரல் போன மச்சான் விஷயம்
மன்னார்குடி பக்கம் மில்லுல பெல்ட்டுல சிக்கி மச்சானுக்கு ரெண்டு விரல் போச்சு, ஓனர் 40,000 குடுத்து பத்திரத்துல கையெழுத்து கேக்குறார்னு போட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். கையெழுத்து போடல.

சங்கத்து அண்ணன் ஒருத்தர் கணக்கு போட்டு காட்டினாரு பாருங்க, தலை சுத்திருச்சு. விபத்து நடந்தப்போ (2025 நவம்பருக்கு முன்னாடி) அமல்ல இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டு சட்டப்படி ஒரே கைல ரெண்டு விரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 20% இழப்பாம், சம்பளம் 15,000 அதுல 60% எடுத்து, மச்சானோட 40 வயசுக்கு சட்டத்துல குடுத்திருந்த 184.17ங்குற எண்ணால பெருக்கி அதுல 20%, மொத்தம் 3,31,506 வருது!! ஓனரு 40,000த்தோட முடிக்க பாத்தாரு. உரிமைய விட்டுக்குடுத்து கையெழுத்து போட்டாலும் அந்த சட்டத்தோட 17வது பிரிவுப்படி அது செல்லாதாம், ஆனா அப்பறம் இழுபறி தான், அதனால போடாதீங்கன்னாரு.

ஈஎஸ்ஐ (அரசோட தொழிலாளர் காப்பீடு) இருந்தா அந்த வழியா தான் போகணும், இங்க அது இல்ல. அதனால தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட மனு குடுத்தாச்சு, ஒரு மாசத்துல தராததுக்கு 12% வட்டியும் சேத்து கேட்டிருக்கோம். ஆஸ்பத்திரி சீட்டு, கூலி எழுதுன நோட்டு ஃபோட்டோ எல்லாம் அக்கா பத்திரமா வச்சிருந்தது தான் பெரிய உதவி. நோட்டீஸ் போனதும் ஓனரே ஃபோன் பண்ணி "என்ன மாப்ள, பேசி முடிச்சுக்கலாமே"ங்குறாரு. எது பேசினாலும் இனி ஆணையர் முன்னாடி தான்னு சொல்லிட்டோம்.