வினையூக்கி ‘டீஆக்டிவேஷன்’: ‘ஊக்கம் குன்றல்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வினையை வேகப்படுத்தும் வினையூக்கி நாளடைவில் ஊக்கம் இழப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச் சொற்கள் தேடி வருகிறோம். அதில் வந்த சில கருத்துகளை மேற்கோளாகத் தந்து, என் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

> கேட்டலிஸ்ட் டீஆக்டிவேஷனுக்கு ‘வினையூக்கிச் செயலிழப்பு’ போதும். மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே?

அந்தப் புழக்கம்தான் எனக்குத் தயக்கம் தருகிறது. சிறுநீரகம் செயலிழந்தது என்றால் வேலை நின்றுபோனது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். வினையூக்கி அப்படிச் சட்டென்று நிற்பதில்லை. அம்மோனியா தயாரிப்பில் இரும்பு வினையூக்கி 10 ஆண்டுகளுக்கு மேல்கூட உழைக்கும். ஊக்கம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். கச்சா எண்ணெயின் கனமான பகுதிகளைப் பிளக்கும் சியோலைட் என்ற நுண்துளை வினையூக்கியிலோ சில நொடிகளிலேயே கரி படிந்து ஊக்கம் சரிந்துவிடும். இரண்டையும் ஒப்பிட, குறைகிற வேகத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ‘செயலிழப்பு வேகம்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவில்லை. ‘குன்றல் வேகம்’ இயல்பாக வருகிறது. வினையூக்கி என்ற பெயருக்குள்ளேயே ஊக்கம் இருக்கிறது; அதனால் ‘ஊக்கம் குன்றல்’, அதன் எதிர்ப்பக்கத்துக்கு ‘ஊக்க மீட்பு’. இதுதான் என் பரிந்துரை.

> ‘வினையூக்கி நஞ்சு’ மிகையாக இருக்கிறது. ‘தடைப்பொருள்’ என்று மாற்றலாம்.

வினையூக்கியில் ஒட்டிக்கொண்டு அதன் ஊக்கத்தைக் கெடுக்கும் பொருளைத்தான் ‘வினையூக்கி நஞ்சு’ என்கிறோம். இதை மட்டும் மாற்றவே வேண்டாம் என்பேன். அம்மோனியா தயாரிப்பில் இரும்பின் பரப்பில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நைட்ரஜன் மூலக்கூறு வந்து ஒட்டுகிறது. அதன் மும்மைப் பிணைப்பு தளர்ந்து அறுகிறது. பிரிந்த அணுக்கள் ஹைட்ரஜன் அணுக்களோடு ஒவ்வொன்றாகச் சேர்ந்து அம்மோனியாவாகி, பரப்பை விட்டுக் கிளம்புகின்றன. கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) குறைவான இந்த மாற்றுப் பாதையைத் திறந்துவிடுவதுதான் வினையூக்கியின் வேலை. சமநிலை எங்கே அமையும் என்பதை அது மாற்றாது. அங்கே போய்ச் சேரும் நேரத்தை மட்டும் குறைக்கும். இதில் கடைசிப் படியான கிளம்புதலும் முக்கியம். இடம் காலியானால்தான் அடுத்த மூலக்கூறு வர முடியும். கந்தகச் சேர்மம் வந்து ஒட்டினால், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாதவர் மாதிரி, அந்தக் கிளர்வு மையம், அதாவது வினை நடக்கும் இடம், அதோடு போயிற்று.

கார்பன் மோனாக்சைடு நம் உடலில் செய்வதும் இதேதான். ஹீமோகுளோபினின் இரும்பில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் பிளாட்டின வினையூக்கியிலும் ஹைட்ரஜனுக்கான இடத்தை அதே வாயு அடைக்கிறது. தாழ்வெப்பக் கலங்களில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே பாதிப்பு தெரியும். ஆக, இங்கே ‘நஞ்சு’ வெறும் உருவகம் இல்லை, வேலை செய்யும் முறையே ஒன்றுதான். ‘தடைப்பொருள்’ என்றால் இந்த உறவு கண்ணில் படாது. நொதிகளில் ‘தடுப்பான்’ என்ற சொல் வேறு இருக்கிறது, குழப்பம்தான் மிஞ்சும்.

பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள ‘மீள்’, ‘மீளா’ என்ற முன்னொட்டுகளும் இதோடு நன்றாகச் சேரும். அம்மோனியா வினையில் நீராவி மீள் நஞ்சு: தூய வாயு ஓடத் தொடங்கியதும் ஊக்கம் பெரும்பாலும் திரும்பிவிடும். கந்தகம் மீளா நஞ்சு. வாகனப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்கு ஈயமும் அப்படித்தான். அமெரிக்காவில் 1975 வாக்கில் புதிய கார்களில் இந்த அமைப்பு வந்தபோது ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயத் தேவையானதற்கு அதுவே காரணம்.

கோக்கிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ‘கரி படிதல்’ போதும். படிந்த கரியைக் காற்றில், சுமார் 700 டிகிரி செல்சியஸில் எரித்துவிட்டால் சியோலைட் மறுபடி வேலைக்கு வந்துவிடும். அந்த எரிப்பில் கிடைக்கும் வெப்பமே எண்ணெயைப் பிளக்கவும் பயன்படுகிறது. ‘ஊக்க மீட்பு’க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அப்புறம் சின்டரிங், அதாவது சூட்டில் துகள்கள் உருகாமலே ஒன்றுசேர்வது. ‘உருகாப் பிணைவு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூடாக்கிப் பொருள் செய்யும் தொழிலுக்கு அது அருமையான சொல். வினையூக்கியில் நடப்பதை அது பாதிதான் சொல்கிறது. சில நானோமீட்டர் அளவே உள்ள பிளாட்டினத் துகள்கள், உருகுநிலையான 1768 டிகிரிக்கு வெகு கீழேயே நகர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன, இது பிணைவு. இன்னொரு வழியும் உண்டு: சிறிய துகளிலிருந்து அணுக்கள் கழன்று போய்ப் பெரிய துகளில் சேரும். துகள்கள் தொட்டுக்கொள்ளாமலே சிறியது கரைந்து பெரியது வளர்கிறது. இரண்டு வழிக்கும் பொதுவான விளைவு, துகள் பெரிதாவது. அதனால் ‘துகள் பருத்தல்’ என்கிறேன்.

இழப்பு எவ்வளவு என்பதையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். ஒரே அளவுள்ள 8 உருண்டைகள் ஒன்றாகிப் பருத்தால் விட்டம் இரண்டு மடங்குதான் ஆகும். மொத்தப் பரப்பு பாதியாகிவிடும். உலோகம் ஒரு துளிகூடக் குறையவில்லை, வேலை செய்யும் இடம் மட்டும் பாதி போய்விட்டது. கரியை எரித்ததுபோல இதை எளிதில் மீட்கவும் முடியாது.

மிச்சம் இருப்பது, நைட்ரிக் அமில ஆலைகளில் வினையூக்கியாக உள்ள பிளாட்டின வலை ஆக்சைடு ஆவியாகச் சிறிது சிறிதாகத் தேய்வதற்கான சொல். ‘ஆவியிழப்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீர் ஆவியாவதோடு குழம்புமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.