ஏற்காட்டுல மட்டும் காலைல ஸ்டார்ட் ஆகல, சேலத்துல பிரச்சனையே இல்ல: ஹீட்டர் பிளக்கா, பம்ப்பா?

நாகலூர்_காப்பி:
வணக்கம்ங்க. 2005 இண்டிகா, டர்போ இல்லாத 1.4 டீசல். அப்பா வாங்குன வண்டி, விக்க மனசு வரல. சேலத்துல எந்நேரம் சாவி போட்டாலும் அரை செல்ஃப்ல பிடிச்சுக்கும். ஆனா ஏற்காடு பக்கத்து நாகலூர்ல மாமனார் வீட்டுல ராத்திரி நிறுத்திட்டு விடியக்காலைல எடுத்தா போராட்டம்தான். இப்ப காப்பி பழம் எடுக்குற சீசன், அடிக்கடி மேல போயே ஆகணும். செல்ஃப் நல்லா வேகமாவே சுத்துது, பின்னாடி பச்ச டீசல் வாடையோட வெள்ளப்புகை வருது, கடைசில ரெண்டு மூணு சிலிண்டர்ல பிடிச்சு குலுங்கி குலுங்கி ஒரு நிமிஷத்துல சரியாயிடுது. அதுக்கப்புறம் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்ல. டேஷ்போர்டுல ஹீட்டர் பிளக்குக்கான காயில் லைட் எரிஞ்சு ஒழுங்கா அணையுது, அதனால எஞ்சின காய வைக்கிற அந்த பிளக் நல்லாத்தான் இருக்கு, டீசல் பம்ப்பத்தான் இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார். பம்ப் வேலைன்னா செலவு கொஞ்சநஞ்சமில்ல, அதான் கை வைக்கிறதுக்கு முன்னாடி இங்க கேக்குறேன்.

சேர்வராயன்:
ப்ரோ மலைல இது சகஜம். ஏர் ஃபில்டர் பைப்ப கழட்டிட்டு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு அடி அடிங்க, டக்குனு பிடிக்கும். இல்லேன்னா இறக்கம் பாத்து நிறுத்தி வைங்க, காலைல உருட்டி விட்டு ரெண்டாவது கியர்ல கிளட்ச விடுங்க, எங்க ஊர்ல பாதி பேர் அப்படித்தான் எடுக்குறாங்க.

டீசல்_வயரிங்:
சேர்வராயன் தம்பி, தயவுசெஞ்சு இத யாருக்கும் சொல்லாதீங்க. அந்த ஸ்பிரேல இருக்கறது ஈதர். ஹீட்டர் பிளக் சூடா இருக்கறப்ப அது உள்ள போனா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும், பிஸ்டன் உடையும், இன்டேக்ல தீயும் பிடிக்கும். உருட்டி ஸ்டார்ட் பண்றது அத விட மோசம். டீசல் வண்டில பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் குடுக்கறது ஒரு தனி பம்ப், எஞ்சின் ஓடுனாத்தான் அதுவும் ஓடும். எஞ்சின் ஆஃப்ல ரெண்டு தடவ மிதிச்சா பெடல் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் கனமாயிடும், இத வச்சுகிட்டு ஏற்காட்டு இறக்கத்துல உருட்டறதா? அதோட இந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட்டு, பழைய பெல்ட்டுன்னா அந்த உலுக்கல்ல பல்லு தாண்டிடும்.

நாகலூர் தம்பி, உங்க வண்டிக்கு வருவோம். செல்ஃப் சுத்தறப்ப புகையே வரலன்னா டீசல் வந்து சேரலன்னு அர்த்தம், அப்ப பம்ப், காத்து இழுக்குற பைப்னு தேடலாம். உங்களுக்கு வெள்ளப்புகை வருது, அப்படின்னா டீசல் போகுது, எரியல. எரியறதுக்கு சூடு பத்தல. இந்த எஞ்சின்ல டீசல் நேரா பிஸ்டன் மேல விழாது, பக்கத்துல இருக்குற சின்ன அறைக்குள்ள விழும், அந்த அறையோட சுவரு குளுந்து கிடந்தா அமுக்குன காத்தோட சூட்ட அது உறிஞ்சிடும், அதுக்குத்தான் பிளக்கே வச்சிருக்கான். சேலம் 300 மீட்டருக்குள்ள, ஏற்காடு 1500 மீட்டர். காத்தழுத்தம் அங்க கடல் மட்டத்த விட 15 சதவீதத்துக்கு மேல கம்மி, குளிரும் சேந்துக்குது. சேலத்துச் சூட்டுல ரெண்டு பிளக் செத்திருந்தாலும் வெளிய தெரியாது, மேல போனாத்தான் காட்டிக்கொடுக்கும்.

காயில் லைட்ட நம்பாதீங்க. அது டைமர் சொல்ற நேரத்துக்கு எரிஞ்சு அணையுது, அவ்வளவுதான். பிளக் சிவந்துச்சான்னு அதுக்குத் தெரியாது.

ரெண்டே அளவு எடுங்க. மொதல்ல நாலு பிளக்கையும் இணைக்கிற பட்டைல மீட்டர் வச்சு, இன்னொருத்தர சாவி போடச் சொல்லி வோல்ட் பாருங்க. 11 பக்கம் வரணும். அப்புறம் நட்ட கழட்டி பட்டைய எடுத்துட்டு ஒவ்வொரு பிளக்கா ஓம் பாருங்க, ஒரு ஓம் சுமாருக்கு வந்தா சரி, ஒண்ணுமே காட்டலன்னா உள்ள கம்பி அறுந்துடுச்சு. பட்டை மாட்டியிருக்கறப்ப பாத்தா நாலும் சேந்துதான் காட்டும், செத்தது தெரியாது. மீட்டர் வயருக்கே கொஞ்சம் ஓம் இருக்கும், ரெண்டு முனையையும் சேத்து வச்சு பாத்து அத கழிச்சுக்கோங்க.

அஸ்தம்பட்டி_அம்பி:
அண்ணன் சொன்னது சரி. மீட்டர் இல்லேன்னா 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் போதும், ஒரு முனை பேட்டரி பிளஸ்ல, இன்னொரு முனை தனியா கழட்டுன பிளக் தலைல, எரிஞ்சா கம்பி உயிரோட இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சு பாதி கேஸ்ல பிளக்க விட, அதுக்கு கரண்ட் விடற சுவிட்சான ரிலேதான் பிரச்சனை, பட்டை நட்டுல துரு பிடிச்சிருக்கறதும் உண்டு, அதையும் பாருங்க.

நாகலூர்_காப்பி:
பாத்துட்டேன்ங்க. பேட்டரி சும்மா இருக்கறப்ப 12.5. சாவி போட்டப்ப பேட்டரில 11.7, ஆனா பட்டைல 9.2தான் வருது. மூணு பிளக் ஒரு ஓம் பக்கத்துல இருக்கு, கடைசி பிளக் ஒண்ணுமே காட்டல. ரிலேக்கு போற கெட்டி வயரோட முனைல பச்ச பூத்திருக்கு, இன்சுலேஷன் கருகி இருக்கு.

டீசல்_வயரிங்:
ரெண்டு பிரச்சனை ஒண்ணா இருக்கு தம்பி. ரெண்டரை வோல்ட் வழியிலயே போகுது, அந்த கருகுன முனைதான் தின்னுது. வோல்ட் இவ்வளவு எறங்குனா சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிடும், ஏன்னா சூடு வோல்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். நல்லா இருக்குற மூணு பிளக்கும் அரைகுறையாத்தான் காயுது. வெறும் பிளக் மட்டும் மாத்தியிருந்தா காசும் போயி காலைல அதே புகைதான் வந்திருக்கும். பேட்டரி வயர கழட்டிட்டு அந்த முனைய வெட்டி எறிஞ்சு புது லக் (வயர் முனைல மாட்டற உலோக வளையம்) போட்டு அழுத்துங்க, அதே தடிமன் வயரா இருக்கணும், ஒல்லி வயர் போட்டா உருகிடும். அப்புறமும் வோல்ட் வரலன்னா ரிலே.

பிளக்க கழட்டறது கவனம். மொத நாள் ராத்திரியே துரு விடற ஆயில் ஊத்தி ஊற விடுங்க, எஞ்சின் வெதுவெதுன்னு இருக்கறப்ப கழட்டுங்க, கொஞ்சம் திருப்பி மறுபடி உள்ள விட்டு மெதுவா எடுங்க. மடக்குன்னு முறுக்கி ஒடச்சிட்டா முனை ஹெட்டுக்குள்ள நின்னுடும், ஹெட்ட இறக்க வேண்டி வரும். புதுசு வாங்க போறப்ப பழச கையோட கொண்டு போங்க, நீளம் மாறுனா வில்லங்கம். மத்த மூணும் அதே வயசுன்னா நாலையும் மாத்திடறது நல்லது. எல்லாம் மாட்டுன பிறகு பட்டைல மறுபடி அளந்து எவ்வளவு வருதுன்னு இங்க போடுங்க, 11 வந்து மேல குளுருலயும் பிடிச்சுடுச்சுன்னா பம்ப்ப யாரும் தொட வேண்டாம்.