தானியங்கிச் சோதனைகளின் வெளியீடு எந்த அளவுக்கு விரிவாக இருக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறோம். சோதனைகள் குறைவாக இருந்த காலத்தில், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகப் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை, ஒவ்வொரு சோதனையின் பெயரையும் காட்டும் ‘-வி’, சோதனைகள் அச்சிடுவதை அப்படியே திரைக்கு விடும் ‘-எஸ்’ என்ற இரண்டு ஆப்ஷன்களோடும் ஓட்டிப் பழகினோம். அதே கட்டளை, நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வருக்கும் அப்படியே போய்விட்டது. இன்று சோதனைகள் 1,400-ஐத் தாண்டிவிட்டதால் ஒருமுறை ஓட்டினால் ஏறத்தாழ 12,000 வரிகள் வருகின்றன. ‘வரி விகிதம் கிடைக்கவில்லை, 0 எனக் கொள்ளப்படுகிறது’ என்ற எச்சரிக்கை அவற்றின் நடுவே பல நாட்களாக வந்துகொண்டிருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு கடையில் வரியே இல்லாமல் பில் அச்சான பிறகுதான் தெரிந்தது. வெளியீட்டைக் குறைக்கலாம் என்றால், சோதனை தோற்கும்போது காரணம் தெரியாமல் போய்விடுமே என்று குழுவில் பாதிப் பேர் அஞ்சுகிறார்கள். நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மறுமொழி 1

அந்த அச்சத்துக்கு இடமில்லை. ‘-எஸ்’ஸை நீக்கிவிட்டால், சோதனைகள் அச்சிடுவதை எல்லாம் பைடெஸ்ட் பிடித்து வைத்துக்கொண்டு, தோற்ற சோதனைக்கு உரியதை மட்டும் அதன் பிழை விவரத்துக்குக் கீழே காட்டும். ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியும் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. வென்ற சோதனை பேச வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் உங்கள் எச்சரிக்கையின் கதை வேறு. வெளியீட்டைச் சுருக்கியிருந்தால் அது இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும், ஏனென்றால் அந்தச் சோதனைகள் எல்லாமே வென்றுவிட்டன. யாராவது படித்தால்தான் பிழை தெரியும் என்ற நிலை இருக்கும்வரை அதற்குச் சோதனை இல்லை என்றுதான் பொருள். அந்த எச்சரிக்கை பைத்தானின் லாகிங் (பதிவு எழுதும் வசதி) வழியாக வருகிறது என்றால், எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான ஒரு ஃபிக்ஸ்சரில் (சோதனைக்கு முன்னும் பின்னும் ஓடும் துணை நிரலில்), பதிவுகளைப் பிடித்துத் தரும் ‘கேப்லாக்’ கொண்டு அவற்றைப் பார்த்து, எதிர்பாராத எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் சோதனை தோற்கும்படி செய்யுங்கள்.

பெர்ல் மொழியின் 1987-ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டோடு வந்த சோதனைகளே ‘ஓகே 1’, ‘நாட் ஓகே 2’ என்று வரிவரியாக அச்சிட்டன. பின்னாளில் டாப் என்று பெயர்பெற்ற அந்த வடிவத்தை மனிதர் நேராகப் படிப்பதில்லை. ஒரு நிரல் படித்துச் சுருக்கத்தை மட்டும் மனிதருக்குத் தருகிறது. நீங்களும் முழு விவரத்தை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்பில் (நிரல்கள் படிக்கும் அறிக்கை வடிவம்) சேமித்துவிட்டு, திரையில் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சிஐ சர்வரில் மட்டும் ‘-வி’யை எடுக்காதீர்கள். எங்களிடம் ஒரு சோதனை டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்துக்கொண்டே நின்றது. சர்வர் தன் நேர வரம்பு முடிந்ததும் மொத்த ஓட்டத்தையும் கொன்றுவிட, பிடித்து வைத்திருந்த வெளியீடும் அதனோடு போயிற்று. ‘-வி’ இல்லாததால் எங்களுக்கு மிஞ்சியவை, வென்ற சோதனைக்கு ஒன்றாக அச்சான சில வரிப் புள்ளிகள்தான். எந்தச் சோதனை என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் போனது. ‘-வி’ இருந்தால் சோதனை தொடங்கும்போதே அதன் பெயர் அச்சாகிவிடும், ஆகவே கடைசி வரியில் நிற்கும் பெயரே மாட்டிக்கொண்ட சோதனை. இதோடு பைடெஸ்ட்டின் ‘ஃபால்ட்ஹேண்ட்லர் டைம்அவுட்’ அமைப்பையும் வைத்தால், குறித்த நொடிகளைத் தாண்டியதும் ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) எந்த வரியில் நிற்கிறது என்பது வெளியே வரும். கோ மொழியின் சோதனைக் கருவியில் 10 நிமிட வரம்பு இயல்பாகவே உண்டு. அதைத் தாண்டினால் எல்லா கோரூட்டீன்களின் (அந்த மொழியின் இலகுவான த்ரெட்கள்) நிலையையும் கொட்டிவிட்டுத்தான் நிற்கும்.

மறுமொழி 3

எத்தனை வரி என்பதைவிட, தோற்கும்போது வரும் அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். ‘பில் சரியா’ என்று ஆம், இல்லை மட்டும் சொல்லும் ஒரு ஃபங்ஷனை அசெர்ட் செய்தால் (உண்மை என வருகிறதா என்று சோதித்தால்), பொய் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தொகையையே ஒப்பிட்டால், 1180.00 வர வேண்டிய இடத்தில் 1179.99 வந்திருப்பது கண்ணில் பட்ட உடனே, எங்கோ ஃப்ளோட் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் எண் வகை) புகுந்துவிட்டது என்று பில்லிங் எழுதுகிறவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘-எஸ்’ஸை நீக்கி, சிஐயில் ‘-வி’யை வைத்துக்கொண்டோம், வெளியீடு 1,500 வரிகளுக்குள் வந்துவிட்டது. கேப்லாக் ஃபிக்ஸ்சரைச் சேர்த்தவுடன், இதுவரை வென்றுகொண்டிருந்த 23 சோதனைகள் தோற்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம்.