கேண்டி பாங் வாங்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். டுவைஸ்ங்கிற கொரியப் பாடகிகள் குழுவோட ரசிகர்கள் இங்க இருந்தா கொஞ்சம் உதவுங்க. அடுத்த தடவை அவங்க சிங்கப்பூர் வந்தா போயே தீரணும்னு நானும் தங்கச்சியும் காசு சேர்த்துட்டு இருக்கோம். டிக்கெட்டை விட எனக்கு கேண்டி பாங் கவலைதான் பெருசு, அதாவது கச்சேரியில அவங்க ரசிகர்கள் கையில பிடிச்சு ஆட்டுற லைட் ஸ்டிக்.

2019-ல வந்த கேண்டி பாங் இசட் ஒருத்தர்கிட்ட பழசா கிடைக்குது. அதை ப்ளூடூத்ல போனோட இணைச்சு, ஆப்ல நம்ம சீட் நம்பரைப் போட்டா, மேடையில இருந்தே கலரை மாத்துவாங்க. மொத்த அரங்கமும் ஒரே நொடியில பீச் நிறத்துக்கு மாறும்போது நம்ம கையில இருக்கிறது மட்டும் தனியா மினுக்கக் கூடாதுல்ல? இப்போ நடக்குற கச்சேரிகள்ல இசட் வேலை செய்யுதா, இல்ல புது மாடல்தான் வாங்கணுமா? போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்னொன்னு. நயோன்ல ஆரம்பிச்சு ட்சூயூ வரைக்கும் ஒன்பது பேரையும் வயசு வரிசையில கூப்பிடுற கோஷம் மனப்பாடம். மோமோ பேர் வரும்போது மட்டும் குரல் தானா ஏறிடும். 2015-ல இந்தக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த 'சிக்ஸ்டீன்' டிவி போட்டியில பாதியிலேயே வெளியே அனுப்பி, கடைசியில திரும்பக் கூப்பிட்டுச் சேர்த்த பொண்ணு அவங்க! ஆனா பாட்டுக்கு நடுவுல வர்ற கோஷங்கள் பிடிபடல. மெதுவா சொல்லித் தர்ற வீடியோ இருந்தா லிங்க் போடுங்க, ப்ளீஸ்.