டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டு: ப்ளூடூத் காணவில்லை, வேகமும் 600-ஐத் தாண்ட மறுக்கிறது

நீலத்திரை (கேள்வி)

வணக்கம். டெஸ்க்டாப்பில் இன்டெலின் ஏஎக்ஸ்210 சிப் உள்ள பிசிஐஇ வைஃபை கார்டு போட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே உள்ள சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் இருக்கிறது. விண்டோஸ் 10, 64 பிட். ரவுட்டர் வைஃபை 6. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

வைஃபை உடனே கனெக்ட் ஆகிறது. ஆனால் லிங்க் ஸ்பீடு 600 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறுவதே இல்லை. அதே மேசையில் லேப்டாப்பை வைத்தால் 1201 காட்டுகிறது. ப்ளூடூத் டிரைவர் பிழை எதுவும் காட்டாமல் இன்ஸ்டால் ஆனாலும் டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் என்ற தலைப்பே வரவில்லை. இது போக, ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது சில சமயம் கார்டு மஞ்சள் முக்கோணத்துடன் "கோடு 10" (சாதனம் தொடங்க முடியவில்லை என்ற பிழை) காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் அப்படியே நிற்கிறது.

கார்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதா, இல்லை நான் மாட்டியதில்தான் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

---

செம்புக்கம்பி

மாற்ற அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ப்ளூடூத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

இந்தக் கார்டில் இரண்டு கருவிகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. வைஃபை பகுதி பிசிஐஇ வழியாகப் பேசும். ப்ளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாக மட்டுமே பேசும். மதர்போர்டின் எக்ஸ்1 ஸ்லாட்டில் யூஎஸ்பி கிடையாது. அதனால்தான் கார்டோடு ஒரு மெல்லிய கேபிள் தருகிறார்கள்: ஒரு முனை கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன வெள்ளைக் கனெக்டருக்கு, மறுமுனை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடருக்கு (பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு). அதை மாட்டாவிட்டால் விண்டோஸைப் பொறுத்தவரை ப்ளூடூத் என்று ஒரு சாதனமே இல்லை. டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பலன் இருக்காது.

ஹெடர் பெரும்பாலும் போர்டின் கீழ் விளிம்பில் இருக்கும். பக்கத்தில் எஃப்_யூஎஸ்பி, ஜேயூஎஸ்பி1, யூஎஸ்பி12 என்று கம்பெனிக்கு ஒரு பெயர் அச்சிட்டிருப்பார்கள். வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு மூலையில் பின் இருக்காது. 1, 2 இரண்டும் 5 வோல்ட், 3, 4 டேட்டா மைனஸ், 5, 6 டேட்டா பிளஸ், 7, 8 கிரவுண்ட், 9 பின்னே இல்லாத இடம், 10 பயன்பாட்டில் இல்லை. அதாவது ஒரு ஹெடரில் இரண்டு யூஎஸ்பி போர்ட்டுகள் இருக்கின்றன, ப்ளூடூத்துக்குத் தேவை ஒன்றுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பக்க ஆடியோ ஹெடரும் இதே அளவு, இதே 9 பின்தான். ஆனால் அதில் இல்லாத பின் மூலையில் இருக்காது, மூலைக்கு ஒன்று முன்னால் இருக்கும். ஏஏஎஃப்பி, ஜேஏயூடி1, எஃப்_ஆடியோ என்று அச்சிட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கேபிள் அழுத்தினால்தான் போகும் போலிருந்தால் தவறான ஹெடர் அல்லது தலைகீழ் என்று அர்த்தம். 5 வோல்ட் பின்னில் கிரவுண்ட் மாட்டினால் போர்ட்டே போய்விடும்.

மாட்டும் முன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். பின்னால் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த சுவிட்ச் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று போர்டில் உள்ள எல்இடியைப் பார்த்தாவது உறுதி செய்யுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

---

அலைவரிசை

600 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு ஸ்ட்ரீமுக்கு (ஒரு ஆண்டெனா வழியாக ஓடும் ஒரு டேட்டா ஓட்டம்) அதிகபட்சம் 600.5 எம்பிபிஎஸ். இரண்டு ஸ்ட்ரீம் சேர்ந்தால் 1201. உங்கள் லேப்டாப் இரண்டையும் பயன்படுத்துகிறது, டெஸ்க்டாப் ஒன்றோடு நின்றுவிட்டது. சிக்னல் பலவீனமாக இருந்தால் எண் 720, 864, 961 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சரியாகப் பாதியில் ஆணி அடித்த மாதிரி நின்றால் இரண்டு ஆண்டெனாக்களில் ஒன்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" கொடுத்து ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட், சிக்னல் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஆண்டெனாவை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண்களில் மாற்றமே இல்லையோ, அந்தப் பக்கம்தான் கோளாறு.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது வெளியே உள்ள திருகு. வைஃபை கார்டுகளில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ. அதில் நடு ஊசி கார்டின் பக்கம் இருக்கும், ஆண்டெனாவில் துளை இருக்கும். சாதாரண எஸ்எம்ஏ ஆண்டெனாவும் அதே மரையில் அழகாகத் திருகிக்கொள்ளும். ஆனால் அதன் நடுவிலும் ஊசி இருப்பதால் ஊசியும் ஊசியும் முட்டும். பெட்டியில் வந்த ஆண்டெனாவுக்குப் பதிலாக வேறு ஏதாவது மாட்டியிருந்தால் இதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது உள்ளே. ஹீட்சிங்க் தகட்டின் கீழே சின்ன எம்.2 மாட்யூல் இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் பின்பக்கத் திருகுகளுக்குப் போகும். அவற்றின் முனையில் உள்ள எம்ஹெச்எஃப்4 கனெக்டர் அரிசியைவிடச் சின்னது. பயணத்தில் ஏற்படும் அதிர்விலேயே கழன்றுவிடக்கூடும். கழன்றிருந்தால் நேர் மேலே வைத்து, பிளாஸ்டிக் முனையால் செங்குத்தாக அழுத்துங்கள். "டிக்" என்ற உணர்வு விரலில் தெரியும். சாய்த்து அழுத்தினால் வெளி வளையம் நசுங்கிவிடும், அப்புறம் பிடிமானமே இருக்காது. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தகட்டைத் திறக்கும் முன் விற்றவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ப்ளூடூத்தும் இந்த இரண்டில் ஒரு ஆண்டெனாவைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அந்தப் பக்கம் கழன்றிருந்தால் கேபிள் மாட்டிய பிறகும் ஹெட்போன் ஒரு கை தூரத்தில் அறுந்து அறுந்து வரும்.

ஆண்டெனாக்கள் கேபினெட்டின் முதுகில், உலோகத்துக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பதும் நல்லதில்லை. காந்த அடியுள்ள நீட்டிப்பு ஆண்டெனா வாங்கி மேசை மேல் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய கேபிளில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மீட்டருக்கு 2 முதல் 3 டிபி வரை இழக்கும். 3 டிபி என்றால் பாதி சக்தி போயிற்று.

---

கடைசிப்போர்ட்

கோடு 10-க்கு ரீஸ்டார்ட் ஏன் உதவவில்லை என்றால், ரீஸ்டார்ட்டின்போது கார்டுக்குப் போகும் மின்சாரம் அறுவதே இல்லை. ஸ்லீப்பிலும் ஷட்டவுனிலும்கூட பிசிஐஇ ஸ்லாட்டில் 3.3 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும். கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஒரு முறை குழம்பி நின்றுவிட்டால் அதே நிலையிலேயே தொடரும். எனவே ஷட்டவுன் செய்து, பவர் கேபிளை உருவி, கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இது அப்போதைக்கு எழுப்பும் வழி.

திரும்ப வராமல் தடுக்க: பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ், லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்பதை ஆஃப் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்று மாற்றி ஓரிரு நாள் பார்ப்பதுதான் என் பரிந்துரை. எது காரணம் என்று தெரிந்தால் மற்றவற்றைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

டிரைவரைக் கார்டு விற்ற கம்பெனியின் சிடியிலிருந்து எடுக்க வேண்டாம், அது பழையதாகவே இருக்கும். சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் தனித்தனி பேக்கேஜ். முதலில் இரண்டையும் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டு, பழையதை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் டிக்கைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, புதியதைப் போடுங்கள். இறக்க மறந்துவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கும் சிப் எது என்று அட்டைப்பெட்டியை நம்பாமல் டிவைஸ் மேனேஜரின் ஹார்ட்வேர் ஐடியில் பாருங்கள். வெண்டர் 8086, டிவைஸ் 2725 என்றால் ஏஎக்ஸ்210. 2723 என்றால் ஏஎக்ஸ்200.

---

நீலத்திரை

மிக்க நன்றி. ப்ளூடூத் கேபிளைப் பெட்டியின் அடியிலேயே விட்டிருந்தேன், மாட்டியதும் வந்துவிட்டது. ஒரு ஆண்டெனாவைக் கழற்றினால் எண் மாறவே இல்லை. விற்றவரிடம் கேட்டுக்கொண்டு தகட்டைத் திறந்தால் அந்தப் பக்க வயர் கழன்று கிடந்தது. இப்போது 1201. ஸ்லீப் விஷயத்துக்கு லிங்க் ஸ்டேட்டை மட்டும் முதலில் ஆஃப் செய்திருக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். லிங்க் 1201 என்றாலும் வீட்டு சர்வரிலிருந்து ஃபைல் காப்பி செய்தால் 700 எம்பிபிஎஸ் சுற்றியே வருகிறது. ரவுட்டரில் 6 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கும் போட்டிருக்கிறேன், கார்டும் 6இ (6 கிகாஹெர்ட்ஸிலும் பேசும் வைஃபை 6), ஆனால் பட்டியலில் அந்தப் பெயர் தெரியவில்லை. ப்ளூடூத் மவுஸும் அவ்வப்போது தடுக்குகிறது.

---

அலைவரிசை

1201-க்கு 700 வருவது ஆரோக்கியமான அளவு. வைஃபையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறித்தான் நடக்கும். அதற்கான காத்திருப்பு, ஒப்புகைச் செய்திகள் எல்லாம் போக லிங்க் ஸ்பீடில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் கைக்குக் கிடைக்கும். துல்லியமாக அளக்க இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்ட் உதவாது. சர்வரிலும் இங்கேயும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை ஓட்டிப் பாருங்கள். கூடுதல் வேகம் வேண்டுமென்றால் ரவுட்டரில் 160 மெகாஹெர்ட்ஸ் போட்டால் லிங்க் 2402 வரை போகும். ஆனால் சர்வர் 1 கிகாபிட் லேன் போர்ட்டில் இருந்தால் அதற்கு மேல் எப்படியும் வராது. 36 முதல் 64 வரையிலான 160 அகலத்தில் பாதி ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். அதனால் ரவுட்டரை ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிய ஒரு நிமிடமாவது ஆகும். ரேடார் சிக்னல் பட்டால் நடுவில் சேனல் மாறும். உங்கள் நிலைமையில் 80-லேயே இருப்பது நிம்மதி.

6 கிகாஹெர்ட்ஸ் தெரியாததற்குக் காரணம் விண்டோஸ் 10. அதில் அந்த பேண்டுக்கு ஆதரவு இல்லை, விண்டோஸ் 11 வேண்டும். அப்போதும் ரவுட்டரில் அந்த நெட்வொர்க் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையில் இருக்க வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 அனுமதி இல்லை. இருக்கும் நாட்டில் அந்த பேண்ட் திறந்துவிடப்பட்டிருக்கவும் வேண்டும். இந்த சிப் நாட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், நாம் மாற்ற முடியாது. எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் கார்டின் அட்வான்ஸ்டு டேபில் "அல்ட்ரா ஹை பேண்ட்" என்பது எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

---

செம்புக்கம்பி

மவுஸ் தடுக்குவதற்கு யூஎஸ்பி 3.0-வைச் சந்தேகியுங்கள். அதன் டேட்டா ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கொட்டும், ப்ளூடூத் இயங்குவதும் அங்கேதான். ஆண்டெனாவுக்குப் பக்கத்து போர்ட்டில் எக்ஸ்டெர்னல் ஹார்ட்டிஸ்க் மாட்டியிருந்தால், அதில் காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் தடுக்குகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் டிஸ்கை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஆண்டெனாவை நகர்த்துங்கள். இது டிரைவர் கோளாறு இல்லை.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு மாட்யூல் மட்டும் தனியாக வாங்கப் போகிறவர்களுக்கு: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க 200, 210 போலவே இருக்கும், பிசிஐஇ அடாப்டரில் உட்காரவும் செய்யும். ஆனால் இயங்காது. அவற்றின் பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. அந்த இணைப்பு உள்ள மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்கள் 200 அல்லது 210 என்று எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

---

கடைசிப்போர்ட்

லினக்ஸில் இதே கார்டைப் போடுபவர்கள் கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜும் புதியதாக இருக்க வேண்டும். கார்டு தெரிந்தும் வைஃபை வராவிட்டால் டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) ஐடபிள்யூஎல்வைஃபை (டிரைவரின் பெயர்) என்று வரும் வரிகளைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கவில்லை என்றால் எந்தப் பெயரில் தேடியது என்பதை அங்கேயே எழுதியிருக்கும். அது சரியாக இருந்தால் அடுத்து, வயர்லெஸ்ஸை அணைத்து வைக்கும் ஆர்எஃப்கில் பட்டியலில் "சாஃப்ட் பிளாக்டு" என்று இருக்கிறதா பாருங்கள்.

நீலத்திரை, லிங்க் ஸ்டேட்டை ஆஃப் செய்த பிறகும் கோடு 10 வந்தால் டிரைவர் பதிப்பு எண்ணையும் மதர்போர்டின் பயாஸ் பதிப்பையும் இங்கே போடுங்கள். பழைய பயாஸாக இருந்தால் அதைப் புதுப்பிப்பதுதான் அடுத்த வேலை.