டெக்சாஸ் போகுமுன் வீட்டு வரிக் கணக்கு: தெரிந்தவர்கள் பகிருங்கள்

டெக்சாஸுக்குக் குடிபெயர நினைப்பவர்கள் வீட்டு வரியை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் பல ஊர்களில் இருப்பவர்கள் எழுதிய பதில்கள் இவை.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

"வீட்டு வரி இங்கே 1.2 சதவீதம், டெக்சாஸில் 2.2, அப்படியென்றால் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு." இந்தக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள், தப்பாகப் போடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் வரி இன்றைய விலைக்கு இல்லை, நீங்கள் வாங்கிய விலைக்கு. 1978-ல் வாக்காளர்கள் கொண்டுவந்த புரொபசிஷன் 13 என்ற சட்டம் அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற விடாது. 2012-ல் 6 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இன்று 14 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். 2025 பில்லில் வரிக்குரிய மதிப்பு அதிகபட்சம் 7 லட்சத்து 76 ஆயிரம்தான். 1.2 சதவீதத்தில் வரி 9,300 டாலர். இன்றைய விலையோடு பார்த்தால் 0.7 சதவீதம்கூட வராது. உங்கள் உண்மையான விகிதம் அதுதான். போன வருஷம் வாங்கியவருக்கு இது பொருந்தாது, அவர் முழு விலைக்கும் கட்டுகிறார்.

விற்றால் அந்தப் பழைய வரி மதிப்பு, அதாவது அடிமதிப்பு, போயே போச்சு. மனசு மாறித் திரும்பி வந்தால் புதுசாக வாங்கும் விலைக்குத்தான் வரி. 55 வயது ஆனவர்கள் புரொபசிஷன் 19 என்ற இன்னொரு சட்டம் மூலம் அடிமதிப்பை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், மூன்று முறை வரை, ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். 53, 54 வயதில் விற்க நினைப்பவர்கள் இதை ஒரு தடவை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேட்டி, டெக்சாஸ்

இங்கே பில் ஒன்று, வரி ஐந்தாறு. கவுன்டி, சிட்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கல்லூரி, மருத்துவமனை என்று ஒவ்வொரு அமைப்பும் தன் விகிதத்தைப் போடும். மாநில அரசுக்கு ஒரு டாலரும் போவதில்லை. நகர எல்லைக்கு வெளியே முளைக்கும் புது கம்யூனிட்டிகளில் சிட்டி வரி இருக்காது, அந்த இடத்தில் முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லோரும் சுருக்கமாக 'மட்' என்பார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால் போடுவதற்கு வாங்கிய பாண்ட் கடனை அது வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கிறது. புது மட் என்றால் விகிதம் அதிகம். வீடுகள் நிறைந்து கடன் அடைபட அடைபட இறங்கும். அதனால் இரண்டு தெரு தள்ளினாலே மொத்த விகிதம் மாறலாம். பார்க்கும் வீட்டின் முகவரியை வரிக்காக வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அந்தக் கவுன்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போடுங்கள், எந்தெந்த அமைப்புகள் என்று பட்டியல் வரும். ஏஜென்ட் வாயால் சொல்லும் விகிதத்தை நம்பி ஆஃபர் போடாதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. விலை 6 லட்சம், மொத்த விகிதம் 2.2, அதில் ஸ்கூல் பாதி, 1.1. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. ஸ்கூல் வரிக்கு 2025 முதல் 1,40,000 டாலர் கழியும். 4,60,000-க்கு 1.1 சதவீதம் 5,060. மீதி அமைப்புகளுக்கு முழு 6 லட்சத்துக்கும் 6,600. மொத்தம் 11,660. கவுன்டி, சிட்டி தனியாகக் கொடுக்கும் விலக்கு இருந்தால் இன்னும் குறையும்.

நிறையப் பேர் விழும் குழி புது வீடு. டெக்சாஸில் ஜனவரி 1 அன்று என்ன இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்று வெறும் மனையாக இருந்தால் மனைக்கு மட்டும். மனை மதிப்பு ஒரு லட்சம் என்றால் வரி 2,200, எஸ்க்ரோவில், அதாவது வரி கட்டுவதற்காகக் கடன் தவணையோடு லெண்டர் பிடித்து வைக்கும் கணக்கில், மாதம் 183 டாலர்தான் பிடிப்பார்கள். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் 11,660 வரும். எஸ்க்ரோவில் 9,460 பள்ளம். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 788, அதோடு இனிமேலான மாத வரி 972. வரிக்கு மட்டும் 183-லிருந்து 1,760. இது போக இரண்டு மாதத் தொகை வரை கூடுதல் இருப்பாகக் கேட்க லெண்டருக்குச் சட்டம் இடம் தருகிறது. கேட்கவும் செய்வார்கள். முதல் மாதத்திலிருந்தே வித்தியாசத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், அல்லது முழு மதிப்புக்கே எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லுங்கள்.

பழைய வீட்டிலும் விற்பவர் கட்டிய பில்லைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவர் 65 வயதைத் தாண்டியவராக இருந்தால் அவருடைய ஸ்கூல் வரி உச்சவரம்போடு நிற்கும். அந்தச் சலுகை வீட்டோடு வராது.

ஆஸ்டின், டெக்சாஸ்

கேட்டிக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் தானாக வராது, விண்ணப்பம் போட வேண்டும். டிரைவர் லைசென்ஸில் இந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியோடு அனுப்பித் திரும்பி வருவது ரொம்பச் சாதாரணம். காசு கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள், விண்ணப்பம் இலவசம்.

ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆனால் இது வாங்கிய உடனே தொடங்காது, முதல் பெரிய ஏற்றத்தை இது தடுக்காது. நீச்சல் குளம் போன்ற புதுக் கட்டுமானமும் இதற்கு வெளியே.

வசந்தத்தில் வீட்டின் வரி மதிப்பைச் சொல்லும் அப்ரைசல் நோட்டீஸ் வரும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் அந்த மதிப்பை எதிர்த்து புரோட்டஸ்ட் போடுங்கள். விற்பனை விலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. நோட்டீஸ் மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் குளோசிங் ஸ்டேட்மென்ட் (வீடு கைமாறும் நாளில் தரும் கணக்குத் தாள்) நல்ல ஆயுதம், கூடுதலாக வாங்கியிருந்தால் பேசாமல் இருங்கள். ஃபவுண்டேஷன் விரிசல் படம், ரிப்பேர் எஸ்டிமேட், அதே தெருவில் அதே சைஸ் வீட்டின் வரி மதிப்பு, இவைதான் எடுபடும். "சம்பளம் ஏறவில்லை" என்பது எடுபடாது. பில் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி 1 அன்றே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம்.

எடிசன், நியூ ஜெர்சி

எங்களுக்கு விகிதம் பேசுவதே வீண். சில ஊர்களில் மதிப்பீடு பல ஆண்டு பழசு, அதனால் அச்சிட்ட விகிதம் பயமுறுத்தும். பில்லை மட்டும் பாருங்கள். 2024-ல் மாநில சராசரி பில்லே 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதனால் இங்கிருந்து டெக்சாஸ் போனாலும் வீட்டு வரியில் பெரிதாக மிச்சமாகாது.

'எக்ஸிட் டாக்ஸ்' என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒரு தனி வரியே இல்லை. விற்பவர் வெளிமாநிலத்தவர் என்றால் குளோசிங்கில் லாபத்தின் 10.75 சதவீதம் அல்லது விற்பனை விலையின் 2 சதவீதம், எது அதிகமோ அதை வருமான வரிக்கு முன்பணமாகப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுக் கணக்குத் தீர்க்கலாம். அன்று வரை நீங்கள் இந்த மாநிலவாசி என்றால் ஜி.ஐ.டி./ரெப்-3 படிவம் போதும், பணம் மாட்டாது. எனவே குளோசிங் முடித்துவிட்டு மூட்டை கட்டுவது உத்தமம்.

டாம்பா, ஃப்ளோரிடா

இங்கே ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஏற்றத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அது. பழைய உரிமையாளரின் பில் அதனால்தான் அழகாக இருக்கும். விற்றதும் அடுத்த ஜனவரி 1-ல் மதிப்பு சந்தை விலைக்குத் தாவும். ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்கு மார்ச் 1 கெடு. நவம்பரிலேயே கட்டினால் 4 சதவீதத் தள்ளுபடி, யாரும் விடக்கூடாது.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் அந்த மிச்சம் சம்பளம் வரும்வரைதான். ஓய்வுக்குப் பிறகு வருமானம் சுருங்கும், வீட்டு வரி சுருங்காது. 50 வயதுக்கு மேல் போகிறவர்கள் இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

ஃபெடரல் ரிட்டர்னில் மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவு வரம்பு 2025-க்கு 10,000-லிருந்து 40,000 ஆகியிருக்கிறது. வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் குறைய ஆரம்பிக்கும். 10,000 வரம்பை வைத்து எழுதிய பழைய ஒப்பீடுகளைத் தூக்கிப் போடுங்கள்.

கம்பெனி பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கலிஃபோர்னியாவில் இருக்கும்போது கம்பெனி கொடுத்த ஆர்.எஸ்.யூ. (பின்னாளில் கைக்கு வரும் பங்கு) நீங்கள் டெக்சாஸ் போன பிறகு வெஸ்ட் ஆனாலும், அதாவது உங்கள் கைக்கு வந்தாலும், கொடுத்த நாளுக்கும் வெஸ்ட் ஆன நாளுக்கும் இடையில் இங்கே வேலை செய்த நாட்களின் பங்குக்கு கலிஃபோர்னியா வரி கேட்கும். நான்கு வருஷ கிரான்ட் என்றால் முதல் ஓரிரு ஆண்டு மிச்சத்தை அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள், பேரோல் பிடித்தத்தில் அது சரியாக வருகிறதா என்றும் எச்.ஆரிடம் கேட்டு வையுங்கள்.